தம்பிக்கு வந்தால் செல்வாக்கு, தங்கச்சிக்கு வந்தால் விளம்பரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்தல் நெருங்கினால் உங்கள் பத்திரிகையில் ஒரு வரி அடிக்கடி வரும். "சமூக வலைத்தளங்களில் செல்வாக்கு உள்ளவர் என்பதால் இவருக்கு சீட் கிடைக்க வாய்ப்பு இருப்பதாகக் கட்சி வட்டாரத்தில் பேசப்படுகிறது." அந்த வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தயவுசெய்து மகளிர் பக்கத்துக்குத் தள்ளிவிடாதீர்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து பிளெக்ஸ் என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பு. 2016 தேர்தலுக்குப் பிறகு கட்சிக்காரர்களுக்கு ஃபேஸ்புக் போஸ்டர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கார்டு, யூடியூப்புக்கு முகப்புப் படம் செய்து கொடுப்பதும் சேர்ந்துகொண்டது. எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். ஒரே மேஜையில் காலையில் ஒரு கொடி, சாயங்காலம் அதற்கு எதிர்க் கொடி. அதனால் கட்சியின் பெயரை எழுதப்போவதில்லை, என் பெயரையும் போடவில்லை. நாளைக்கும் கடை திறக்க வேண்டும்.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் விருப்ப மனு சீசன். அது எங்களுக்கு ஒரு தீபாவளி மாதிரி. மனுவோடு கொடுக்க ஒரு ஃபைல் தயார் செய்வார்கள். பயோடேட்டா, வகித்த கட்சிப் பொறுப்புகள், போராட்டத்தில் கைதானபோது வந்த பேப்பர் கட்டிங், தலைவரோடு எடுத்த படம், இதெல்லாம் பழைய சங்கதி. புதிதாக அந்த முறை எல்லா ஃபைலிலும் கடைசியில் ஒரு பிரிவு சேர்ந்திருந்தது, "சமூக வலைத்தளச் செயல்பாடு" என்று. பக்கத்தை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எந்த வீடியோ எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டு, முக்கியமான எண்ணைச் சிவப்பு வட்டத்தில் காட்டி வைப்போம்.

ஒரே கட்சி, ஒரே தொகுதிக்கு ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஃபைல் போட வந்தார்கள். ஒருவர் இளைஞரணியில் இருந்த ஒரு தம்பி. இன்னொருவர் மகளிரணியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தவர், பி.எட். படித்தவர், கடையில் நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தம்பியைப் பின்தொடர்ந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேல் தங்கச்சிக்கு. நான்தான் இரண்டுக்கும் சிவப்பு வட்டம் போட்டேன், அதனால் எனக்குத் தெரியும்.

எண்ணிக்கையை விடுங்கள், சரக்கைப் பாருங்கள். தம்பியின் பக்கத்தில் இருந்தது பெரும்பாலும் தம்பி. மாலை போடும் தம்பி, மாலை வாங்கும் தம்பி, காரில் இருந்து இறங்கும் தம்பி, பின்னணியில் பட்டையைக் கிளப்பும் ஒரு பாட்டு. தங்கச்சியின் பக்கத்தில் முதியோர் பென்ஷனுக்கு எங்கே, என்ன காகிதத்தோடு போக வேண்டும் என்பதிலிருந்து நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் தாமதமாகிறது என்பது வரை இரண்டு இரண்டு நிமிட வீடியோவாக இருக்கும். அதை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வாட்ஸ்அப் குரூப்களில் போடுவார். அங்கே இருந்து எங்கெங்கோ போகும். பக்கத்து ஒன்றியத்துக்காரர்கள் கூடச் சந்தேகம் கேட்டு எழுதுவார்கள்.

நேர்காணல் முடிந்து வந்து தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஃபைலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிய ஒரு பெரியவர், "இதெல்லாம் நீங்களே போடுறீங்களாம்மா, இல்ல வீட்ல யாரும் போட்டுத் தர்றாங்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், "இவ்வளவு வீடியோ போடுறீங்களே, வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்றாராம். அவ்வளவுதான், அடுத்த மனு. தம்பியிடம் யாரும் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை. "டிஜிட்டல்ல நல்லா ஆக்டிவா இருக்கீங்க, இந்தக் காலத்துல அதான் முக்கியம்" என்று தட்டிக்கொடுத்தார்கள். அதையும் தம்பியே கடையில் வந்து பெருமையாகச் சொன்னதுதான்.

சீட் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. அது எப்போதும் போகிற பெரிய கைக்கே போனது, அது வேறு கதை. நான் சொல்ல வருவது அதற்கப்புறம் நடந்ததை. பிரச்சாரம் நடந்த நாட்களில் தேர்தல் அறிக்கையை வாக்குறுதி வாக்குறுதியாகப் பிரித்து, ஊர்ப் பேச்சில் எழுதி, என்னிடம் கார்டு செய்து வாங்கி ராத்திரி பத்து மணி வரை குரூப் குரூப்பாக அனுப்பியது தங்கச்சி. வேட்பாளர் போகும் தெருவில் எல்லாம் லைவ் போட்டதும் தங்கச்சிதான். தம்பி வேட்பாளரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார், அதையும் தினமும் எடுத்துக்கொண்டார், மறுக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் "இணையத்தில் சிறப்பாகப் பணியாற்றியதற்காக" தம்பிக்கு மாவட்ட அளவில் ஐடி விங் பொறுப்பு வந்தது. தங்கச்சிக்கு ஒரு கூட்டத்தில் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வைப் படத்துக்கும் கார்டு செய்து கொடுத்தது நான்தான்.

இதை ஒரு ஊர்க்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். 2022 உத்தரப் பிரதேசத் தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். 40 சதவீத சீட் பெண்களுக்கு என்று காங்கிரஸ் அறிவித்து, "நான் பெண், என்னால் போராட முடியும்" என்று பொருள்படும் முழக்கத்தோடு இறங்கியது. நல்ல அறிவிப்பு, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் போஸ்டர்களில் முகமாக இருந்த பிரியங்கா மௌரியா, தனக்கு சீட் இல்லை என்றானதும், என் முகத்தையும் பெயரையும் என்னைப் பின்தொடரும் பத்து லட்சம் பேரையும் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டு சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டிவிட்டு, அந்த ஜனவரியிலேயே பாஜகவுக்குப் போய்விட்டார். அவர் கட்சி மாறியது சரியா தவறா என்பது வேறு பேச்சு. பெண்களுக்காகவே நடத்திய பிரச்சாரத்தில் கூட இந்தப் புகார் எழுந்தது பாருங்கள்.

இன்னொன்று 2018-ல் மத்தியப் பிரதேசத்தில். சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் அந்த மாநிலக் காங்கிரஸ், சீட் கேட்பவர்களுக்கு ஃபேஸ்புக் பக்கத்தில் 15,000 லைக்கும் ட்விட்டரில் 5,000 பின்தொடர்பவர்களும் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. கொஞ்ச நாளில் வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஆனால் எல்லாக் கட்சிகளும் மனதுக்குள் வைத்திருக்கும் ஒரு அளவுகோலை ஒரு கட்சி காகிதத்தில் எழுதிவிட்டது, அதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றும். மேலோட்டமாகப் பார்த்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எண். நியாயமாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்கும் ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். ஒரு பெண் யாரிடம் அதிகம் பேசுகிறாரோ அந்தப் பெண்கள் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்போது இணையத்துக்கே வந்திருக்கவில்லை. வந்தவர்களிலும் எத்தனை பேர் வீட்டுக்காரர் போனில் பார்த்துவிட்டு லைக் போடாமல் வைத்துவிடுகிறார்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் ஊரில் தங்கச்சியின் வீடியோவைப் பார்த்து மனு எழுத என் கடைக்கு வந்த பாட்டிகள் ஒருவர் கூட அவர் பக்கத்துக்கு லைக் போட்டவர் கிடையாது. அவர்களுக்கு ஃபேஸ்புக் கணக்கே கிடையாது. லைக் விலைக்குக் கிடைக்கும் என்பது வேறு. எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று என்னிடமே விசாரித்திருக்கிறார்கள், கேட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

இப்போது போன் நம்பர் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு ரொம்ப வயிற்றெரிச்சல். போஸ்டரில் தொடர்புக்கு என்று ஒரு எண் போடுவோம். தம்பியின் எண்ணைப் போட்டால் குடிதண்ணீர் வரவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். தங்கச்சியின் எண்ணைப் போட்டோம். தண்ணீர்ப் பிரச்சினைக்கும் கூப்பிட்டார்கள்தான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடியோ காலும் வந்தது. பேசாமல் மூச்சு விடுகிறவன், "சாப்டியா" என்கிறவன், படம் அனுப்புகிறவன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவருடைய வீட்டுக்காரர் எண்ணை மாற்றிப் போடச் சொன்னார். மாற்றினேன். அடுத்த கூட்டத்திலேயே கட்சிக்குள் பேச்சு: "அந்தம்மா பேருக்குத்தான், எல்லாம் அவங்க வீட்டுக்காரர்தான் பாக்குறாராம்."

கமெண்ட் பகுதியிலும் இதே பொறிதான். கண்டதையும் எழுதுகிறார்கள் என்று தங்கச்சி கமெண்டை நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தார். உடனே வீடியோ போய்ச் சேருவது குறைந்தது, "மக்களோடு பேச மாட்டேங்கிறாங்க" என்றார்கள். மறுபடி திறந்துவிட்டார். கெட்ட வார்த்தை கொட்டியது, கொட்டக் கொட்ட வீடியோ இன்னும் நிறையப் பேரைப் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் அந்த இயந்திரத்துக்குத் திட்டும் பாராட்டும் ஒன்றுதான். அப்போது என்ன சொன்னார்கள் தெரியுமா? "அவங்களைச் சுத்தி எப்பப் பாத்தாலும் ஒரு சர்ச்சை." ஆணைத் திட்டினால் அவர் எதிரிகளைக் கதறவிட்டவர் ஆகிவிடுகிறார், பெண்ணைத் திட்டினால் அவர் சர்ச்சைக்குரியவர். இதில் இன்னொரு சங்கதி, மோசமான கமெண்டுகளில் பாதி சொந்தக் கட்சிக்காரர்களுடையதுதான். போலிக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள், ஆனால் அந்த முகப்புப் படத்தை எடிட் செய்து கொடுத்ததே என் கடையில்தான் என்பது மறந்துபோகும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில், மார்ச் முதல் மே வரை, இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்களில் 1,14,716-ஐ மாதிரியாக எடுத்து ஆம்னெஸ்டி இந்தியா என்ற மனித உரிமை அமைப்பு ஆய்வு செய்து 2020 ஜனவரியில் வெளியிட்டது. அதில் 13.8 சதவீதம் வசை அல்லது புண்படுத்தும் வகை. ஏழில் ஒன்று. வந்த மொத்த ட்வீட்டுக்கும் கணக்குப் போட்டால் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக இப்படி 113. முஸ்லிம் பெண் தலைவர்களுக்கு மதத்தை வைத்து வந்த வசை மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த 95 பேரில் பெரும்பாலோர் பெயர் தெரிந்தவர்கள், உதவிக்கு ஆள் வைத்திருப்பவர்கள். ஒன்றிய அளவில் இருக்கும் ஒரு பெண் காலையில் சமையலை முடித்துவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தில் தம்பி இரண்டு ரீல்ஸ் போட்டுவிடுவார். இந்த அழிக்கும் வேலையை எந்தக் கட்சியின் ஐடி விங்காவது வேலையாக எடுத்துக்கொண்டதுண்டா? தலைவரைப் பற்றி ஒரு மீம் வந்தால் பத்து நிமிடத்தில் முந்நூறு பேர் பாய்கிறார்கள். அந்தப் படையில் பத்துப் பேரைத் தங்கச்சியின் கமெண்ட் பகுதிக்கு அனுப்ப எவ்வளவு செலவாகும்?

வலைத்தளம் வந்தால் பெண்களுக்கு வழி திறந்துவிடும், மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம், பணம் வேண்டாம், திறமை இருந்தால் போதும் என்று நானே பேசியிருக்கிறேன். 234 பேர் இருக்கும் நம் சட்டமன்றத்துக்கு 1991-ல் 32 பெண்கள் போனார்கள். அப்போது யாரிடமும் செல்போன் கூடக் கிடையாது. 2016-ல் 21 பேர். 2021-ல், எல்லோர் கையிலும் போன், எல்லாக் கட்சிக்கும் ஐடி விங் என்று ஆன பிறகு, 12 பேர். வலைத்தளத்தால்தான் குறைந்தது என்று சொல்ல நான் முட்டாள் கிடையாது, அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. வழி திறக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். நாம் தமிழர் கட்சி 2021-ல் 117 பெண்களை நிறுத்தியது, சரிபாதி. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். அவர்கள் ஒரு தொகுதியிலும் ஜெயிக்கவில்லை. ஜெயிக்கிற கட்சிகள் எத்தனை பெண்களை நிறுத்தின என்று பார்த்தால், திமுக நின்ற 173 இடங்களில் 12 பெண்கள். அதிமுகவும் திமுகவை வெட்கப்பட வைக்கும்படி ஒன்றும் செய்துவிடவில்லை.

"பெண்களுக்கு வெற்றி வாய்ப்பு குறைவு" என்பார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் திரிணமூல் காங்கிரஸ் 12 பெண்களை நிறுத்தி 11 பேர் ஜெயித்தார்கள். அதற்கு என்ன பதில்?

எங்கள் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் வந்துவிட்டது. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகளில் 11 இடங்களில் பெண்கள் மேயராக வந்தார்கள். அந்தத் தேர்தலில் எங்கள் ஊரில் ஒரு கட்சி கூடப் பெண் வேட்பாளரிடம் எத்தனை லைக் என்று கேட்கவில்லை. வார்டு பெண்கள் வார்டு என்று அரசிதழில் வந்துவிட்டால் மறுநாளே வேட்பாளர் கிடைத்துவிடுகிறார். தங்கச்சியும் அப்படி ஒரு வார்டில்தான் நின்று கவுன்சிலர் ஆனார். அவர் ஐந்து வருஷம் ஓடிய ஓட்டத்துக்காகக் கிடைத்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான், இடஒதுக்கீடு அவர் தெருவுக்கு வந்தது, அவ்வளவே. தம்பி பொது வார்டில் நின்று ஜெயித்து இப்போது பேரூராட்சித் துணைத் தலைவர். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று 2023-ல் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேற்றினார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அப்புறம் தொகுதி மறுவரையறை, அதற்கப்புறம்தான் இது என்று அதிலேயே முடிச்சுப் போட்டு வைத்தார்கள். தங்கச்சிக்கு இப்போதே நாற்பதை ஒட்டி வயது.

கட்சிகளிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விருப்ப மனுக் கட்டணத்தில் பெண்களுக்குச் சலுகை கொடுக்கிறார்கள், சந்தோஷம், அந்தப் பணத்தில் கலர் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். இணையப் பணியைப் பார்த்துத்தான் பொறுப்பும் சீட்டும் என்றால் எதைப் பார்க்கிறார்கள் என்பதை எழுதி வெளியிடட்டும். பின்தொடர்பவர் எண்ணிக்கையா, போட்ட விஷயமா, எத்தனை பேரின் மனு அதனால் நகர்ந்தது என்பதா? கட்சியின் அதிகாரப்பூர்வப் பக்கம் யாருடைய வீடியோவைப் பகிர்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. தம்பியின் ரீல்ஸை மாவட்டப் பக்கம் வாரத்துக்கு இரண்டு பகிரும். தங்கச்சியின் பென்ஷன் வீடியோவை ஒரே ஒரு முறை பகிர்ந்தார்கள், அதுவும் அவர் பெயரை வெட்டி, கட்சிச் சின்னத்தை ஒட்டி. வெட்டி ஒட்டும் வேலை யாரிடம் வந்தது என்று சொல்ல வேண்டுமா? நானும் செய்து கொடுத்தேன். மாத வாடகை கட்ட வேண்டுமே.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண் வேட்பாளர் என்றால் "இணையத்தில் செல்வாக்கு" என்று எழுதும் உங்கள் நிருபர்கள், பெண் என்றால் "இணையத்தில் பிரபலமான" என்று எழுதுகிறார்கள், எடுத்துப் பாருங்கள். நேர்காணல் நடக்கும் அன்று வாசலில் நின்று யார் காரில் வந்தார், யார் மாலை போட்டார் என்று எழுதுவதோடு, உள்ளே பெண்களிடம் என்ன கேட்டார்கள் என்று வெளியே வருகிறவர்களிடம் விசாரித்து எழுதலாம். ஃபேஸ்புக்கில் அரசியல் விளம்பரத்துக்கு யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதை மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கூட இல்லை. தேர்தல் மாதத்தில் ஒவ்வொரு கட்சியும் தன் ஆண் வேட்பாளர்களுக்கு எவ்வளவு, பெண் வேட்பாளர்களுக்கு எவ்வளவு விளம்பரம் கொடுத்தது என்று ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார்ந்தால் எண்ணிவிடலாம். அதைப் போடுங்கள், நான் அந்த இதழைக் கடை வாசலில் மாட்டி வைக்கிறேன்.

இந்தக் கடிதம் எழுதக் காரணமே போன மகளிர் தினத்துக்குத் தம்பி கொடுத்த ஆர்டர்தான். மேலே தலைவர்கள், நடுவில் தம்பியின் பெரிய படம், கீழே "பெண்மையைப் போற்றுவோம்". பின்னணிக்கு ஒரு பெண் உருவம், முகம் தெரியாமல் நிழல் மாதிரி இருக்கட்டும் என்றார். "நிழல் எதுக்கு தம்பி, நம்ம கவுன்சிலர் படத்தையே வைக்கட்டுமா? நல்ல படம் இருக்கு" என்றேன். "வேணாம்க்கா, அப்புறம் அது ஒரு சர்ச்சையாயிரும்" என்றார். நிழலையே வைத்துக் கொடுத்தேன். 150 ரூபாய். பழைய பாக்கியோடு சேர்த்து எழுதிக்கச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.